கடல் கடந்த கல்வியும் உபகாரச் சம்பளமும்

சீமைக்குச் சென்று படித்து வந்தவர் என்றால் ஊரே வாசலுக்கு வந்து நின்று பார்த்த காலம் ஒன்று இருந்தது. அவ்வாறு சென்றவர்கள் பெரும்பாலும் ஜமீன்தார்களின் மக்களாகவோ, உயர்ந்த உத்தியோகஸ்தர்களின் மக்களாகவோ இருந்தனர். இன்றோ நம் குடியிருப்பிலேயே பட்டப் படிப்பை முடித்த பிள்ளைகள் ஜெர்மனி, பிரிட்டன், கனடா என்று அந்நாட்டுப் பல்கலைக் கழகங்களின் பெயர்களை வாய்ப்பாடு போல் ஒப்பிக்கின்றனர். இடம் கிடைத்துவிடுகிறது, பணந்தான் கிடைப்பதில்லை. ஊரிலுள்ள வீட்டை அடகு வைப்பதா, வைப்பு நிதியிலிருந்து எடுப்பதா, வங்கிக் கடனுக்கு யாரை ஜாமீன் நிறுத்துவது என்ற பேச்சுத்தான் மாலை வேளைகளில் வீட்டுத் திண்ணைகளில் கேட்கிறது. நம் தந்தையர் உபகாரச் சம்பளம் என்று வழங்கியதும், இன்று கல்வி உதவித் தொகை என்று நாம் வழங்குவதுமாகிய ஒன்று உண்டென்பதை நினைப்போர் சிலர். அது நம்மைப் போன்றோர்க்கு உரியதன்று என்று முன்னரே முடிவு செய்துவிடுவோர் பலர். இம்முடிவு சரிதானா என்பதை, நாம் பிழைக்க வந்த இந்தத் திருவனந்தபுர நகரின் வரலாற்றைக் கொண்டே ஆராய்வது பொருந்தும் என எண்ணுகிறோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய மாணவர்க்கு இங்கிலாந்து சென்று கற்க உதவிய பழைய நிதிகளுள் கில்கிறிஸ்ட் நிதி ஒன்று. வங்காளத்து வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் 1882-ஆம் ஆண்டு இதைப் பெற்றுத்தான் எடின்பரோ சென்றார். ஆனால் இதற்குரிய போட்டித் தேர்வை எழுதக் குறைந்தது நான்கு மொழிகள் தெரிந்திருக்க வேண்டும். லத்தீன் சொல்லிக் கொடுக்க ஆளில்லாத ஊரில் பிறந்தவனுக்கு அந்தப் பணம் இருந்தும் இல்லாததே. உதவி என்பது அறிவிக்கப்படுவது வேறு, எட்டுவது வேறு என்பதற்கு அக்காலத்திலேயே இது சான்று.

இனி நம் நகருக்கு வருவோம். வடக்கிலிருந்து வரும் வண்டி தம்பானூரிலுள்ள மத்திய நிலையத்தை அடையுமுன் கடைசியாகக் கடக்கும் சிறு நிலையம் பேட்டை. அந்தப் பேட்டையில் 1863-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பிறந்தவர் டாக்டர் பல்ப்பு. திருவிதாங்கூர் சமஸ்தானத்து மருத்துவப் படிப்புக்கான தேர்வில் நான்காம் இடத்தில் தேறினார். ஆயினும் ஈழவர் என்ற காரணத்தால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று எல். எம். எஸ். பட்டம் பெற்றுத் திரும்பினார். சொந்த சமஸ்தானத்தில் வேலையும் மறுக்கப்பட்டது. படிப்பையும் மறுத்து, படித்து வந்த பின் பதவியையும் மறுத்த ஊர் இது. அவர் மைசூர் அரசின் மருத்துவத் துறையில் சேர்ந்தார். 1898-இல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியபோது அஞ்சாமல் நின்று பணியாற்றினார். அக்காலத்தை ஒட்டி, மைசூர் அரசே அவரை மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவைத்தது. பொதுச் சுகாதாரத்தில் பட்டயம் பெற்று அவர் திரும்பினார். பேட்டையில் பிறந்தவனைச் சீமைக்கு அனுப்பிய செலவு மைசூர்க் கஜானாவினுடையது என்பதை அந்நிலையத்தைக் கடக்கும் போதெல்லாம் நாம் நினைத்துக் கொள்வதுண்டு.

இவ்விடத்தில் ஒரு செய்தியை மறைப்பது நேர்மையாகாது. 1891-ஆம் ஆண்டு தொடக்கத்தில் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் 10,028 பேர் கையெழுத்திட்டு ‘மலையாளி மெமோரியல்’ என்னும் விண்ணப்பத்தைக் கொடுத்தனர். பல்ப்புவும் அதில் கையெழுத்திட்டவரே. சமஸ்தானத்தின் பெரிய பதவிகளில் வெளியிலிருந்து வந்தவர்களே அமர்ந்திருக்கின்றனர் என்பது அவ்விண்ணப்பத்தின் முறையீடு. அவ்வாறு அமர்ந்திருந்தோருள் தமிழ் பேசுவோர் பலர். 1896-இல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவர் விண்ணப்பத்தைப் பல்ப்புவே முன்னின்று கொடுத்தார். அது பள்ளிக் கூடங்களிலும் அரசுப் பணியிலும் தம் மக்களுக்கு இடம் கேட்டது. இந்நகரில் தமிழர் ஆற்றிய தொண்டுகளைப் பெருமையுடன் நினைக்கும் நாம், கதவைத் திறவாதவர்களுள்ளும் நம்மவர் இருந்தனர் என்பதையும் உடன் நினைக்கவே வேண்டும்.

வசதியுள்ள வீட்டுப் பெண்ணுக்கும் கதவு எளிதில் திறக்கவில்லை. இங்குள்ள மகாராஜா கல்லூரியில் மேரி பூனன் அம்மையார் அறிவியல் படிக்க விரும்பினார். பெண் என்பதால் மறுக்கப்பட்டு, வரலாறு படித்து 1909-இல் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று மருத்துவரானார். அவர் தந்தை அரண்மனை மருத்துவர் ஆதலால் உபகாரச் சம்பளம் தேவைப்படவில்லை. நாஞ்சில் நாட்டு வேர்களையுடைய வேளாளத் தமிழ்க் குடும்பத்தில் இந்நகரில் 1891-இல் பிறந்த செண்பகராமன் பிள்ளையின் கதை வேறு. அவர் தந்தை போலீஸ் இலாகாவில் சிறிய பதவியினர். இங்கு வந்திருந்த சர் வால்டர் ஸ்டிரிக்லாண்ட் என்னும் ஆங்கிலேய இயற்கை நூலறிஞர், பள்ளிச் சிறுவனாயிருந்த செண்பகராமனை 1908-இல் உடனழைத்துச் சென்று, ஐரோப்பாவில் தம் செலவில் படிக்க வைத்தார். படித்து முடித்த அப்பிள்ளை அந்த ஆங்கிலேயரின் நாட்டையே எதிர்த்து, 1915-இல் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசின் வெளிநாட்டு அமைச்சரானது உலகறிந்த செய்தி. ஸ்டிரிக்லாண்டும் தம் நாட்டின் ஏகாதிபத்தியத்தை வெறுத்தவரே ஆதலால் வருந்தியிருக்க மாட்டார். எனினும் தெருவில் ஒரு வள்ளல் எதிர்ப்படுவான் என்று எந்தத் தந்தையும் காத்திருக்க முடியாது. ஆகவே இதை விட்டுச் செல்வோம்.

எழுத்தர் வேலை பார்ப்பவர்க்கு இவ்வரலாற்றில் மிக நெருங்கிய உறவினர் ஒருவர் உண்டு. இந்நகரத்தவர் அல்லர், சென்னைத் துறைமுகத்தவர். ஆயினும் உபகாரச் சம்பளத்தைப் பற்றிப் பேசும்போது சீனிவாச இராமானுஜனை விடுத்துப் பேச இயலாது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்தபோதே அவருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்திருந்தது. கணக்கைத் தவிர வேறொன்றிலும் மனம் செல்லாமையால் ஆங்கிலத்தில் தவறினார். உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. சம்பளம் கட்ட வழியில்லை. வீட்டை விட்டே ஓடினார். பின்னர் சென்னையில் மறுபடியும் தேர்வில் தவறினார். பட்டமில்லாத அவருக்கு நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சிறிது காலம் தம் கைப்பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912 மார்ச் முதல் நாள் இராமானுஜன் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜிலுள்ள பேராசிரியர்களுக்கு அவர் எழுதிய கடிதங்களுள் இரண்டு பயன்படவில்லை என்பதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பேக்கர், ஹாப்சன் என்னும் அவ்விருவரும் உதவவில்லை. 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதியதுதான் பலித்தது. அக்கடிதத்தின் தொடக்கத்தில் தம்மை ஓர் எழுத்தர் என்றும், தம் சம்பளம் ஆண்டுக்கு 20 பவுன் மட்டுமே என்றும் எழுதுகிறார். சம்பளத்தைச் சொல்ல அவர் கூசவில்லை. நம்மவர்களோ விண்ணப்பத்தில் குடும்ப வருமானம் என்ற கட்டத்தை நிரப்புகையில் பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குகின்றனர்.

ஹார்டியின் பதில் வந்த பின்னும் வேலை எளிதாக முடியவில்லை. வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், இராமானுஜனின் குறிப்புகளைக் கண்டு, சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு எழுதினார். முதுகலைப் பட்டம் இல்லாதவர்க்கு ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் கொடுக்க விதியில்லை. ஆயினும் ஆராய்ச்சியை வளர்ப்பதே பல்கலைக் கழகச் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றென்று, சட்டத்தின் முகவுரையையே எடுத்துக்காட்டி உறுப்பினர் ஒருவர் வாதிட்டார். 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் வழங்கப்பட்டது. விதியில்லை என்று கோப்பை மூடுவது எழுத்தனுக்கு எளிய வேலை. விதியின் நோக்கம் என்ன என்று புரட்டிப் பார்ப்பது அரிய வேலை. மறு ஆண்டு, சென்னைக்கு வந்திருந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் ஆசிரியரின் பரிந்துரையால், ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளமும், கப்பற் கட்டணமும், உடை முதலியவற்றுக்குத் தொகையும் கிடைத்தன. அந்த 250 பவுனில் 50 பவுன் ஊரிலுள்ள குடும்பத்துக்கு. டிரினிட்டிக் கல்லூரி தன் பங்காக 60 பவுன் சேர்த்தது. 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்னும் கப்பலில் அவர் சென்னையை விட்டார். ஆண்டுக்கு 20 பவுன் வாங்கிய எழுத்தர் பன்னிரண்டரை மடங்கு தொகையுடன் சென்றார் என்பதிலும் வியப்புக்குரியது, அந்த ஒரு விண்ணப்பத்தின் பின்னே எத்தனை பேர் கடிதம் எழுதினர் என்பதே.

இராமானுஜனுக்குப் பத்தாண்டு கழித்துச் சென்னையிலிருந்து மற்றொருவர் புறப்பட்டார். தலைச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள் அப்போது சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் லீவை பார்பர் என்னும் வழக்கறிஞர் 1917-இல் ஒரு நிதியை நிறுவியிருந்தார். ஆசிய நாடுகளில் சுற்றிவந்தபோது, அப்பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்று சென்ற பெண்கள் தத்தம் நாட்டில் ஆற்றும் தொண்டைக் கண்டு, கீழ்நாட்டுப் பெண்களுக்கென்றே அவர் ஏற்படுத்திய நிதி அது. நன்றாகப் படித்துச் சென்ற முந்திய மாணவியர்தாம் பிந்தியவர்களுக்கு வழி செய்தனர் என்க. ஜானகி அம்மாள் 1924-இல் பார்பர் மாணவியாகச் சென்று தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். திரும்பி வந்து கற்பித்தார். மீண்டும் சென்று 1931-இல் டி. எஸ்ஸி. பட்டம் பெற்றார். 1932 முதல் 1934 வரை அவர் பேராசிரியையாக இருந்தது இந்நகரில், அன்றைய மகாராஜா அறிவியல் கல்லூரியில். இன்று பாளையத்தில் பல்கலைக் கழகக் கல்லூரி என்ற பெயருடன் நிற்பது அதன் வழிவந்ததே. ஒரு பெண்ணுக்கு அறிவியல் வகுப்பில் இடமில்லை என்று மேரி பூனனுக்குச் சொன்ன இடத்தில், கால் நூற்றாண்டுக்குள் ஒரு பெண் அறிவியல் பேராசிரியையாக வந்து நின்றார். பின்னர் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் செய்த பணி தமிழ்நாட்டார் பலரும் அறிந்தது.

பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணியின் வரலாறு இன்னும் நுணுக்கமாகக் காணத்தக்கது. பீர்மேடு என்றால் நம்மவர்க்குத் தேயிலைத் தோட்டங்களே நினைவுக்கு வரும். தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறையாக உழைத்த மலை அது. அன்னா மணியின் தந்தை பொறியாளரும் ஏலத்தோட்ட உரிமையாளருமாவார். எட்டாம் பிறந்த நாளில் வீட்டார் வழக்கப்படி வைரத் தோடு கொடுக்க, அதை வேண்டாமென்று சொல்லி ‘என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா’ நூல்தொகுதியைக் கேட்டு வாங்கிக் கொண்ட சிறுமி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து, ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். தோடாக வேண்டாமென்ற வைரமே ஆராய்ச்சிப் பொருளாக வந்து சேர்ந்தது! ஆயினும் எம். எஸ்ஸி. பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் தர மறுத்தது. இராமானுஜனுக்குத் திறந்த விதி இவருக்குத் திறக்கவில்லை.

1945-இல் அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்துக்குப் போர்வீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பலில் சென்றார். அவர் விரும்பியது பௌதிகம். ஆனால் கிடைத்த உபகாரச் சம்பளமோ வானிலைக் கருவிகளைப் பற்றிய பயிற்சிக்கு மட்டுமே. வேண்டாம் என்று இருந்துவிடவில்லை. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் அதையே கற்றுக்கொண்டு 1948-இல் திரும்பி, பூனாவில் வானிலைத் துறையில் சேர்ந்து, அதுவரை சீமையிலிருந்து வரவழைத்த கருவிகளில் ஏறத்தாழ நூறு வகையை இந்நாட்டிலேயே செய்வதற்கான வரைபடங்களைத் தயாரித்தார். 1963-இல் இந்நகருக்கு அண்மையிலுள்ள தும்பாவில் ராக்கெட் தளம் தொடங்கியபோது, விக்கிரம் சாராபாயின் வேண்டுகோளின்படி அங்கு வானிலைக் கூடத்தையும் கருவிக் கோபுரத்தையும் அமைத்தவர் அவரே. 2001-இல் திருவனந்தபுரத்திலேயே காலமானார். விரும்பிய பாடத்துக்கு உதவியில்லை, உதவியுள்ள பாடத்தில் விருப்பமில்லை என்று இன்று தவிக்கும் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றை நாம் அடிக்கடி சொல்வதுண்டு. எல்லோர்க்கும் இது பொருந்துமென்று சொல்லமாட்டோம். விருப்பமில்லாப் பாடத்தில் சேர்ந்து நடுவிலே திரும்பியவர்களும் உண்டு.

இனி, இந்நகரிலேயே படித்து, இங்கிருந்து மனமுடைந்து வெளியேறி, நாட்டின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த ஒருவரின் வரலாறு. கோட்டயத்தை அடுத்த உழவூரில் வைத்தியர் இராமன் என்பவரின் மகனாக, ஏழைத் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தார் கே. ஆர். நாராயணன். பள்ளிக்கு நாள்தோறும் வயல்வரப்புகளின் வழியே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடை. சம்பளம் கட்டாத நாட்களில் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். புத்தகம் வாங்கப் பணமில்லை. காசநோயன்று, இழுப்பு நோயால் வீட்டோடு கிடந்த அண்ணன் நீலகண்டன், மற்றப் பிள்ளைகளிடம் இரவல் வாங்கிய புத்தகங்களைக் கையாலேயே பகர்த்து எழுதித் தம்பிக்குக் கொடுத்தார். நூலுதவி, பண உதவி, பல்கலைக் கழக உதவி என்று எத்தனையோ உதவிகளைப் பற்றி இக்கட்டுரையில் எழுதுகிறோம். அந்த நோயாளி அண்ணன் எழுதிக் கொடுத்த பக்கங்களுக்கு ஈடாக எதைச் சொல்வது என்று தெரியவில்லை.

திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் உதவித் தொகை பெற்றுக் கோட்டயம் சி. எம். எஸ். கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார். பின்னர் 1940 முதல் 1943 வரை இந்நகரில், திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று முதல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். விரிவுரையாளர் பதவி கேட்டதாகவும், சாதியின் காரணமாக அது மறுக்கப்பட்டு எழுத்தர் வேலை காட்டப்பட்டதாகவும், அதனால் பட்டமளிப்பு விழாவில் பட்டத்தை ஏற்க அவர் மறுத்ததாகவும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். எழுத்தர் வேலை இழிந்ததன்று. அதிலேதான் நம் குடும்பம் வாழ்கிறது. ஆனால் முதல்வராகத் தேறியவனை நோக்கி, நீ இதற்குமேல் ஆசைப்படாதே என்பதற்கு அவ்வேலையைக் கருவியாக்கியது இழிவே.

அவர் டில்லிக்குச் சென்றார். 1944, 1945 ஆண்டுகளில் ‘இந்து’, ‘டைம்ஸ் ஆப் இந்தியா’ பத்திரிகைகளில் பணியாற்றினார். 1945 ஏப்ரலில் காந்தியடிகளைப் பேட்டி கண்டார். அவ்வாண்டே ஜே. ஆர். டி. டாட்டாவின் உதவித் தொகை பெற்று இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு ஆசிரியராக வாய்த்தவர் ஹெரால்டு லாஸ்கி. 1948-இல் திரும்புகையில் லாஸ்கி நேருவுக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தனுப்பினார். 1949-இல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். 1997 ஜூலை 25 அன்று குடியரசுத் தலைவரானார். பல்ப்புவுக்கு மைசூர் எப்படியோ, நாராயணனுக்குப் பம்பாய் அப்படி. இந்நகரம் மறுத்ததை வேற்றூர் கொடுத்தது. இத்தனை ஆண்டு இடைவெளியில் கதை மாறவில்லையே என்பது நமக்கு வருத்தம்.

டாட்டா நிதியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்வது பயன்படும். ஜாம்ஷெட்ஜி டாட்டா 1892-ஆம் ஆண்டு இதை நிறுவினார். முதலில் உதவி பெற்றோருள் மருத்துவம் பயின்ற பெண்களும் இருந்தனர். 1924-ஆம் ஆண்டளவில் ஐ. சி. எஸ். பதவி பெற்ற இந்தியர் ஐவரில் இருவர் இந்நிதியின் உதவி பெற்றவர் என்பர். இது தானமன்று, கடன். படித்து முடித்துச் சம்பாதித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும்; அந்தப் பணம் அடுத்த பிள்ளைக்குச் செல்லும். தானமாக வாங்குவதற்குக் கூச்சப்படும் நம் குடும்பங்களுக்கு இம்முறை ஒத்துவரும்.

பணத்தோடு நிபந்தனையும் வருவது அன்றுமுதல் உள்ள வழக்கம். 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ், அம்பேத்கருக்கு மூன்றாண்டுக் காலம் மாதம் பதினொன்றரைப் பவுன் கொடுத்துக் கொலம்பியாவுக்கு அனுப்பியபோது, திரும்பி வந்து பத்தாண்டு பரோடா அரசில் பணியாற்ற ஒப்பந்தம் எழுதி வாங்கப்பட்டது. ஒப்பந்தப்படி 1917-இல் பரோடா சென்றவருக்கு அந்நகரில் தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவரை அங்கிருந்தும் விரட்டினர். ஒப்பந்தத்தில் அவர் செய்ய வேண்டியது எழுதப்பட்டிருந்தது. அவருக்குச் செய்ய வேண்டியது எழுதப்படவில்லை. நம் பிள்ளைகள் கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவே காரணம். நிபந்தனை ஏதுமின்றியே திருப்பிக் கொடுக்க நினைத்தவரும் உண்டு. 1919 ஜனவரியில், உடல் நலிந்திருந்த இராமானுஜன் சென்னைப் பல்கலைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். தாம் ஊர் திரும்பிய பின் தமக்குச் சேரும் தொகை தேவைக்கு மிகுதியாக இருக்கும். பெற்றோர்க்கு 50 பவுன் கொடுத்து, அவசியச் செலவு போக எஞ்சியதை ஏழைப் பிள்ளைகள், அனாதைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும் பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து. பதினைந்து மாதங்களில் அவர் மறைந்தார்.

விடுதலைக்குப் பின் வாயில்கள் பெருகின. 1950 பிப்ரவரியில் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையால் புல்பிரைட் உதவித் தொகை வந்தது. 2008 முதல் நேருவின் பெயரும் அதனுடன் சேர்ந்துள்ளது. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித் தொகை 1954-55-இல் தொடங்கியது. 1959-இல் ஆக்ஸ்போர்டில் கூடிய மாநாட்டில் காமன்வெல்த் உதவித் தொகைத் திட்டம் பிறந்தது. தமிழக அரசும் கேரள அரசும் ஆதிதிராவிட மாணவர்க்கு வெளிநாட்டுப் படிப்புக்கு உதவுகின்றன. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. ஆனால் ஓராண்டுச் சாப்பாட்டுச் செலவுக்குரிய தொகையை முன்கூட்டியே ஒரு முடக்கக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். இலவசம் என்று கேட்டு மகிழ்ந்து, இக்கணக்கைக் கேட்டுத் திகைத்தவர்களை நாம் அறிவோம். பாடத்தை உதவித் தொகையே தீர்மானிப்பதும் நின்றபாடில்லை. 2022-ஆம் ஆண்டு தேசிய வெளிநாட்டு உதவித் தொகையின் விதிகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூகவியல் ஆகியவற்றைப் படிப்போர்க்கு உதவி இல்லை என்று எழுதப்பட்டது.

புலம்பெயர்ந்து வாழும் நம் போன்றோர்க்கு இவற்றுக்கெல்லாம் மேலான ஒரு தடை உண்டு. அது சான்றிதழ். சாதிச் சான்றை இங்கே கேட்டால், சொந்த ஊர் தமிழ்நாட்டில்தானே, அங்கே போய்க் கேளுங்கள் என்பர். அங்கே கேட்டால், இத்தனை ஆண்டு கேரளத்தில் குடியிருந்துவிட்டு இப்போது வருகிறீர்களே என்பர். வருமானச் சான்று இங்கே, இருப்பிடச் சான்று அங்கே, பள்ளிச் சான்றில் பெயரின் எழுத்து ஒரு விதம், ஆதாரில் வேறு விதம். இரு மாநிலத்து உதவியிலும் நம் பிள்ளைகள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கின்றனர்.

சென்ற ஆண்டு, இருப்புப் பாதைப் பிரிவில் பணிபுரியும் நெல்லைச் சீமைத் தோழர் ஒருவர் ஒரு மாலையில் நம் வீட்டுக்கு வந்தார். “அண்ணாச்சி, பிள்ளைக்கு இலண்டனில் இடம் கிடைத்துவிட்டது. பணத்துக்கு எங்கே போவது?” என்று கேட்டார். மகள் எம். எஸ்ஸி. முதல் வகுப்பு. உதவித் தொகை ஒன்று அவளுக்கு முற்றும் பொருந்துவதாக இருந்தது. விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு அப்போது ஒன்பது நாட்களே இருந்தன. மூன்று சான்றுகளில் ஒன்றுதான் வந்து சேர்ந்தது. நாள் கடந்துவிட்டது. ஒரு மாதம் முன்னரே யாராவது சொல்லியிருந்தால் என்று அவர் நம்மைக் குறை கூறாமல் சொன்னதே நமக்கு அதிக வேதனையாயிற்று. நம் சங்கத்து நூலகத்தில் ஒரு பேரேடு வைத்து, ஒவ்வோர் உதவித் தொகைக்கும் விண்ணப்பம் தொடங்கும் மாதம், முடியும் நாள், வேண்டிய சான்றுகள் ஆகியவற்றை எழுதிவைப்பதும், முன்னர் பெற்றவர் எவரேனும் இருப்பின் அவர் பெயரைக் குறித்துவைப்பதும் பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. செயற்குழுவினர் இதை ஆலோசிக்க வேண்டுகிறோம்; எழுதும் வேலையை நாமே ஏற்றுக்கொள்ளவும் தயார்.

அப்பெண்ணின் இடத்தைப் பல்கலைக் கழகத்தார் ஓராண்டு தள்ளிவைத்துக் கொடுத்தனர். இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். வருமானச் சான்று கிடைத்துவிட்டது. சாதிச் சான்றுக்காக அவள் தந்தை மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்ற திங்களன்று காலை நாகர்கோவில் வண்டியில் ஊருக்குச் சென்றிருக்கிறார்.